ஒத்துழைப்பு முறியும் இடம்: தலைமையா, மனித இயல்பா?

கேள்வி இதுதான்: தனித்தனியாகப் பார்த்தால் திறமையும் நல்லெண்ணமும் உள்ளவர்களே நிறைந்திருக்கும் ஒரு நிறுவனத்தில், சேர்ந்து வேலை செய்வது மட்டும் ஏன் கைகூடுவதில்லை? குறை தலைமையைச் சேர்ந்ததா, மனித இயல்பைச் சேர்ந்ததா? மேலிடத்தைத் தன்னால் மாற்ற முடியாத ஓர் இடைநிலை மேலாளர் இதில் என்ன செய்யலாம்?

இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பதால்தான் விடை பிடிபடாமல் போகிறது என்பது என் கருத்து. மனிதர்களில் பெரும்பாலோர் அடிப்படையில் சுயநலக்காரர்களும் அல்லர், எதிர்பார்ப்பின்றிக் கொடுப்பவர்களும் அல்லர். மற்றவர்கள் செய்தால் தாங்களும் செய்வார்கள், மற்றவர்கள் கைவிட்டால் தாங்களும் கைவிடுவார்கள். அந்த நிபந்தனை நிறைவேறுகிறதா என்று அவர்கள் நாள்தோறும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அப்படிக் கவனிக்கும்போது யாருடைய முகத்தை அதிகம் பார்க்கிறார்களோ அவரே தலைவர். எனவே தலைமையின் வேலை மனித இயல்பைத் திருத்துவது அன்று; ஏற்கெனவே இருக்கும் அந்த நிபந்தனை முறியாமல் பார்த்துக்கொள்வது.

இது வெறும் அபிப்பிராயம் அன்று என்பதைக் காட்ட ஒரு சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான்கு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் 20 டோக்கன்கள் தரப்படுகின்றன. பொதுக் கணக்கில் போடப்படும் ஒவ்வொரு டோக்கனுக்கும், அதைப் போட்டவர் உட்பட நால்வருக்கும் ஆளுக்கு 0.4 பங்கு கிடைக்கும். எல்லோரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 32 வரும். மற்ற மூவரும் போட்டிருக்கும்போது ஒருவர் மட்டும் போடாமல் வைத்துக்கொண்டால் அவருக்கு 44 வரும். ஃபிஷ்பாக்கர், கெஷ்டர், ஃபேர் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், "மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?" என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். பங்கேற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மற்றவர்கள் கூட்டினால் தாங்களும் கூட்டினார்கள், குறைத்தால் குறைத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் எந்த நிலையிலும் எதுவும் போடவில்லை. நிபந்தனையோடு போட்டவர்களிடமும் ஒரு சிறிய கஞ்சத்தனம் இருந்தது: மற்றவர்களின் சராசரியைவிடக் கொஞ்சம் குறைவாகவே அவர்கள் போட்டார்கள்.

இந்தக் கடைசி விவரம்தான் நிறுவனங்களைப் புரிந்துகொள்ள மிகவும் உதவுகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைவிட ஒரு மாற்றுக் குறைவாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அடுத்தவர் மேலும் குறைப்பார். யாரும் கெட்டவர் ஆகாமலேயே மொத்த ஒத்துழைப்பும் படிப்படியாகத் தேய்ந்துவிடும். இத்தகைய ஆட்டத்தைப் பல சுற்றுகள் ஆடவிட்டால், பாதியளவில் தொடங்கும் பங்களிப்பு சுற்றுக்குச் சுற்று சரிவது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. பங்களிக்காதவரைத் தன் கைக்காசைச் செலவிட்டுத் தண்டிக்கலாம் என்ற வாய்ப்பைக் கொடுத்தபோது சரிவு நின்று பங்களிப்பு ஏறியதை ஃபேரும் கெஷ்டரும் 2000இல் காட்டினார்கள். ஆனால் அலுவலகத்தில் சக ஊழியரைத் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. அந்த வேலை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவர் அதைச் செய்யாவிட்டால் வேறு எவரும் செய்ய முடியாது.

அது எப்படிச் செய்யப்படாமல் போகிறது என்பதை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். ஐந்து பேர் சேர்ந்து எழுத வேண்டிய ஓர் அறிக்கையில் ஒருவர் தன் பகுதியைத் தரவில்லை. நாளை காலை அறிக்கை போயாக வேண்டும். மேலாளர் அந்த ஒருவரிடம் கேட்பதில்லை. எப்போதும் செய்து கொடுக்கும் இன்னொருவரை அழைத்து, "உங்களை நம்பித்தான் இருக்கிறேன், இதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்கிறார். அறிக்கை நேரத்துக்குப் போய்விடுகிறது, மேலாளருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் மற்ற மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாக இருந்தால் கூடுதல் சுமை கிடைக்கும், பொறுப்பில்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்ற பாடத்தை அன்று இரவு அவர்கள் சொல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே மேலாளர், "இப்போதெல்லாம் யாருக்கும் டீம் உணர்வே இல்லை" என்று வருத்தப்படும்போது அவர் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் வேறெங்கோ தேடுகிறார்.

குழுவின் அளவும் இதில் சேர்ந்து வேலை செய்கிறது. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து அளந்த முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆட்கள் கூடக் கூட ஆளுக்கான இழுவிசை குறைந்துகொண்டே வந்தது; எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கக்கூடியதில் ஏறத்தாழ பாதியே வெளிப்பட்டது. ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுப்பது கடினம் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணமா என்பதை அறிய, 1974இல் வேறு ஆய்வாளர்கள் பங்கேற்பாளரின் கண்ணைக் கட்டி, அவருக்குப் பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்துத் தனியாகவே இழுக்கவிட்டார்கள். அப்போதும் விசை குறைந்தது. பிப் லத்தானேயும் சக ஆய்வாளர்களும் 1979இல் கைதட்டுவதிலும் கத்துவதிலும் இதையே கண்டார்கள். பிறகு, ஒவ்வொருவரின் ஒலியும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிவித்தபோது அந்தச் சுணக்கம் மறைந்துவிட்டதை 1981இல் காட்டினார்கள்.

இதிலிருந்து ஊழியர்களின் கணினித் திரையை நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்கும் மென்பொருளை வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வரும் நிர்வாகங்களும் உண்டு. அது தவறான பாடம். தன் உழைப்பு பொது வேலையில் எங்கே சேர்ந்தது என்பது சக ஊழியர்களுக்குத் தெரிகிறது என்ற உணர்வே மனிதரை இழுக்க வைக்கிறது. எத்தனை முறை விசைப்பலகையைத் தட்டினார் என்பது மேலிடத்துக்குத் தெரிவதால் அந்த உணர்வு வருவதில்லை. சிறிய குழு, தெளிவான பங்கு, முடிவில் யார் எதைச் செய்தார் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் ஆகியவை இருந்தால் கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது.

இதுவரை சொன்னது உழைப்பைக் கொடுப்பது பற்றியது. கூட்டுப்பணியில் அதைவிடக் கடினமான கொடை ஒன்று உண்டு: தனக்குத் தெரிந்த விரும்பத்தகாத செய்தியை உரிய நேரத்தில் சொல்வது. பதவியில் மேலே இருப்பவரிடம் அச்சமும் பணிவும் கொள்வது மனித இயல்பில் ஆழமாக இருக்கிறது. அது உயிர் போகும் நேரத்திலும் விலகுவதில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவிலுள்ள லோஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த, கேஎல்எம் என்ற டச்சு நிறுவனத்தின் விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்திலேயே விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் மூத்தவர். அவர் முதலில் விசையை முன்னே தள்ளியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சுட்டிக்காட்டினார், கேப்டனும் நிறுத்தினார். சிறிது நேரத்தில் புறப்பாட்டுக்கான தெளிவான அனுமதி இல்லாமலே அவர் மீண்டும் கிளப்பியபோது துணை விமானி தடுக்கவில்லை. வானொலியில் கேட்ட உரையாடலால் ஐயுற்ற விமானப் பொறியாளர், அந்த இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த அறையில் தகவல் இருந்தது என்பதுதான். ஒருமுறை திருத்தியவருக்கு இரண்டாம் முறை திருத்தத் துணிவு வரவில்லை. கேள்வி கேட்டவருக்கு, உறுதியான குரலில் வந்த ஒரே பதில் போதுமானதாக ஆகிவிட்டது. இதிலும் இதுபோன்ற பிற விபத்துகளிலும் இருந்து விமானத்துறை கற்றுக்கொண்ட விதம் பாராட்டத்தக்கது. துணிவாகப் பேசுங்கள் என்று இளையவர்களுக்கு அறிவுரை சொல்வதோடு அது நிற்கவில்லை. 1979இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, 1981இல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் தொடங்கி, விமானி அறைக்குழு முழுவதற்குமான பயிற்சி உருவானது. ஐயத்தை எந்தச் சொற்களில், எத்தனை முறை எழுப்ப வேண்டும் என்று இளையவர் பழகினார். கேட்டு வாங்குவதும், குறுக்கிடுபவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பதும் தன் கடமைகள் என்று கேப்டன் பழகினார். பேசும் பொறுப்பை முழுவதுமாகக் கீழே இருப்பவரின் தலையில் சுமத்தும் நிறுவனங்கள் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுகின்றன.

மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராயச் சென்ற ஏமி எட்மண்ட்சன், நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கை அவற்றில்தான் அதிகமாக இருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் வந்தடைந்த விளக்கம். 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உளவியல் பாதுகாப்பு (தவறையோ ஐயத்தையோ சொன்னால் தண்டனையோ அவமானமோ வராது என்ற நம்பிக்கை) என்ற தொடர் நிர்வாகத் துறையில் பரவியது. பின்னர் கூகுள் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும் வெற்றிபெறும் குழுக்களில் இதையே முதன்மையான பண்பாகக் கண்டது. பரவிய வேகத்தில் அது சற்று நீர்த்தும் போயிற்று. ஒருவரையொருவர் நோகாமல் இனிமையாகப் பேசுவதைத்தான் பாதுகாப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இனிமை மிகுந்த குழுக்களில்தான் பல நேரங்களில் யாரும் எதையும் சொல்வதில்லை.

அந்தப் பாதுகாப்பு அறிக்கைகளாலும் சுவரொட்டிகளாலும் உருவாவதில்லை. முதல் கெட்ட செய்தி வந்தவுடன் தலைவர் என்ன செய்கிறார் என்ற ஒரே கணத்தில் அது உருவாகிறது அல்லது அழிகிறது. 2006இல் ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு ஆலன் முலாலி வந்தபோது நிறுவனம் அந்த ஆண்டில் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டத்தைச் சந்தித்துக்கொண்டிருந்தது. வாரந்தோறும் வியாழக்கிழமை உயர் அலுவலர்கள் தத்தம் பணிகளை வண்ணமிட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் வகுத்தார்: சரியாக நடந்தால் பச்சை, ஐயமிருந்தால் மஞ்சள், சிக்கலென்றால் சிவப்பு. வாரக்கணக்கில் எல்லாத் தாள்களும் பச்சையாகவே வந்தன. கோடிக்கணக்கில் இழந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் சரியில்லாதது ஒன்றுகூட இல்லையா என்று அவர் கேட்டார். யாரும் பேசவில்லை.

அடுத்து வந்த ஒரு கூட்டத்தில், அமெரிக்கப் பிரிவுகளுக்குப் பொறுப்பேற்றிருந்த மார்க் ஃபீல்ட்ஸ், ஒரு புதிய காரின் வெளியீடு தொழில்நுட்பக் கோளாறால் தடைப்பட்டிருப்பதைச் சிவப்பில் காட்டினார். அறை உறைந்தது, அவருடைய வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். நிலைமை தெளிவாகத் தெரிகிறது என்று பாராட்டிவிட்டு, இதில் அவருக்கு யார் உதவ முடியும் என்று மேசையைச் சுற்றிக் கேட்டார். சில நொடிகளில் ஒருவர் தன்னிடமுள்ள அனுபவத்தையும், இன்னொருவர் தன் பொறியாளர்களையும் தர முன்வந்தார்கள். இருந்தும் அடுத்த கூட்டத்திலேயே எல்லோரும் நிறம் மாறிவிடவில்லை. ஃபீல்ட்ஸ் இன்னும் தன் நாற்காலியில் இருக்கிறார் என்பதைக் கண்ட பிறகே மற்றவர்களின் தாள்களில் மஞ்சளும் சிவப்பும் ஏறத் தொடங்கின. அதே ஃபீல்ட்ஸ் 2014இல் முலாலிக்கு அடுத்த தலைவரானார். கைதட்டியது பெருந்தன்மை என்று இதை வாசிப்பவர்கள் பலர்; நான் அந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரிதாக மதிக்கிறேன். "யார் உதவ முடியும்?" என்று கேட்டதன் மூலம், ஒருவருடைய தனிப்பட்ட தோல்வியாக இருந்ததை அவர் அறையிலிருந்த எல்லோருடைய வேலையாக மாற்றினார்.

தலைவரின் முகத்துக்கு அடுத்தபடியாக மக்கள் படிப்பது சம்பள உயர்வுப் பட்டியலை. சேர்ந்து உழையுங்கள் என்று மேடையில் பேசிவிட்டு, ஆண்டு மதிப்பீட்டில் ஊழியர்களை ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தி வரிசைப்படுத்தும் நிறுவனம், தான் விரும்புவது எது என்பதை இரண்டாவது செயலால் சொல்லிவிடுகிறது. பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவருக்குத்தான் உயர்ந்த தரம், ஒருவருக்குக் கட்டாயம் தாழ்ந்த தரம் என்று விதித்துவிட்டால், அறிவுள்ள ஊழியர் இரண்டு காரியங்களைச் செய்வார்: தன்னைவிடத் திறமையானவர் இருக்கும் குழுவில் சேர மாட்டார், தனக்குத் தெரிந்ததைப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் சொல்லித்தர மாட்டார். இத்தகைய தரவரிசை முறையைப் பல ஆண்டுகள் கையாண்ட மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் அதைக் கைவிட்டு, மற்றவர்களின் வேலைக்கு எவ்வளவு துணையாக இருந்தார் என்பதையும் மதிப்பீட்டில் சேர்த்தது. ஊழியர்களின் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் அப்ரைசல் படிவத்தை எடுத்துப் படிப்பது நல்லது.

துறைக்கும் துறைக்கும் இடையிலான பகை தனி வகை. தாம் சேர்ந்த குழுவை உயர்த்தியும் மற்றதைத் தாழ்த்தியும் பார்ப்பதற்கு மனிதருக்கு மிகச் சிறிய காரணம் போதும். சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954இல் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு முகாம்களாகப் பிரித்துப் போட்டியிடவிட்டபோது சில நாட்களில் கொடி எரிப்பும் கைகலப்பும் வந்தன. அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடவிட்டது பகையைத் தணிக்கவில்லை. தண்ணீர் வராமல் போனது, வண்டி கிளம்பாமல் நின்றது என்று இரு தரப்பும் சேர்ந்தால் மட்டுமே தீரும் சிக்கல்களைக் கொடுத்த பிறகே தணிந்தது. ஆய்வாளர்களே சூழ்நிலையை நிறையக் கையாண்டார்கள் என்ற விமர்சனம் இதன் மேல் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு அவர் செய்த முயற்சியில் சிறுவர்கள் பகைத்துக்கொள்ளாததால் அது கைவிடப்பட்டது என்பதும் உண்மை. ஆகவே இதை இயற்கை விதியாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. ஆனால் விற்பனைத் துறையையும் உற்பத்தித் துறையையும் சுற்றுலா அனுப்பிச் சமாதானப்படுத்த முயலும் நிர்வாகங்களின் அனுபவம், சாப்பாட்டு மேசையைப் பற்றிய பகுதியை உறுதிசெய்கிறது. திரும்பி வந்ததும் இருவருக்கும் எதிரெதிரான இலக்குகள் அதே இடத்தில் காத்திருக்கின்றன.

இனி அந்த இடைநிலை மேலாளரைப் பற்றி. மதிப்பீட்டு முறையும் நிதி ஒதுக்கீடும் அவர் கையில் இல்லை. ஆனால் தன் குழு கூடும் அறை அவருடையது. குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே பேசிக்கொண்டிருக்கும், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கே வராது என்பதை ஸ்டாஸர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985இல் காட்டினார்கள். இதற்கு மாற்று எளியது: கூடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதி அனுப்ப வேண்டும், பதவியில் இளையவர் முதலில் பேச வேண்டும், மேலாளர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் ஆமோதிப்புதான். வேலையை முடிக்காதவரிடம் தனியாக, அதே வாரத்தில், நேராகக் கேட்பதும், மேலிடத்துக்கு அனுப்பும் கடிதத்தில் செய்தவர் பெயரைக் குறிப்பிடுவதும் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவையே. உளவியலாளர் குர்ட் லெவினும் வேறு இரு ஆய்வாளர்களும் 1930களின் பிற்பகுதியில் நடத்திய ஆய்வில், அதிகாரத்தால் நடத்தப்பட்ட சிறுவர் குழுக்கள் தலைவர் வெளியே போனதும் வேலையைப் பெருமளவு நிறுத்தின. கலந்து பேசி நடத்தப்பட்டவை ஏறத்தாழ முன்போலவே தொடர்ந்தன. தன் முயற்சி பலிக்கிறதா என்று அறிய விரும்பும் மேலாளர், தான் விடுப்பில் இருந்த வாரத்தில் என்ன நடந்தது என்று விசாரித்தால் போதும்.

பக்கத்துத் துறை ஒத்துழைக்க மறுக்கும்போது அவருக்குக் கட்டளையிடும் வழி இல்லை. அங்கே இருக்கும் மேலாளரும் நிபந்தனையோடு ஒத்துழைப்பவராகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவேளை இவர் தொடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே முதல் உதவியை இவர் கேட்காமலே செய்வது கணக்குப்படியும் சரியானது, அவமானமும் அன்று. 1980ஐ ஒட்டி அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட், ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று நிரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்கும் கணினிப் போட்டிகளை நடத்தினார். அவற்றில் வென்றது, முதலில் ஒத்துழைத்து, பிறகு எதிராளி செய்ததையே திருப்பிச் செய்யும் மிகச் சிறிய நிரல். அனடோல் ரப்போபோர்ட் அனுப்பியது. அது முந்திக்கொண்டு ஏமாற்றவில்லை, ஏமாற்றப்பட்டபோது பொறுத்துக்கொண்டு இருக்கவும் இல்லை, எதிராளி திரும்பி வந்ததும் பழையதை மனத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டு மூன்று முறை கொடுத்தும் எதுவும் திரும்பி வராவிட்டால், அந்தத் துறையோடு நடக்கும் வேலைகளை வாய்ப்பேச்சில் விடாமல், யார் எதை எந்த நாளுக்குள் தர வேண்டும் என்று எழுத்தில் கொண்டுவந்து, இருவருக்கும் பொதுவான மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பதே முறை. அப்படிச் செய்வதைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு நேரத்துக்குத் தரத் தொடங்கிய வாரத்திலேயே அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடலாம்.